வாக்குச்சீட்டுக்கு வராத திருத்தம்: அலாஸ்கா பூர்வகுடிகள் கூட்டமைப்பின் 60 ஆண்டுகள்

மணிவிழா காணும் அலாஸ்கா பூர்வகுடிகள் கூட்டமைப்பு 1966 அக்டோபரில் ஆங்கரேஜ் நகரில் பிறந்தது. 17 அமைப்புகளைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்டோர் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். முதன்மையான பேச்சு நிலத்தைப் பற்றியது. ஐந்தே ஆண்டில், 1971 டிசம்பரில், நிலக் கோரிக்கைத் தீர்வுச் சட்டம் வந்தது: பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலம், 96.25 கோடி டாலர். கூட்டமைப்பின் சாதனைகளில் இதை முதலில் சொல்வது நியாயமே. ஆனால் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் இருந்த பரம்பரை உரிமையை அதே சட்டம் ரத்து செய்தது. இழந்ததை மீட்க நடந்த போராட்டமே அமைப்பின் பிற்கால வரலாறு.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1980இல், பாதி வழி திறந்தது. மத்திய அரசின் நிலங்களில் மீனோ விலங்கோ குறைந்துபோகும் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்குப் பிடிக்கும் கிராமவாசிக்கே முதலிடம் என்று மத்திய சட்டம் சொன்னது. மாநிலத்தின் நிலப்பரப்பில் சுமார் 60 விழுக்காடு மத்திய அரசுக்குச் சொந்தம் என்பதால் இது சிறிய விஷயமல்ல. இனம் பார்க்காமல் இருப்பிடம் பார்த்த சட்டம் அது. கிராமத்தில் வாழும் வெள்ளையருக்கும் முன்னுரிமை உண்டு. பிழைப்புக்காக ஆங்கரேஜில் குடியேறிய யூப்பிக் பூர்வகுடிக் குடும்பத்துக்குக் கிடையாது. அந்தக் குறையோடுதான் சமரசம் நடந்தது.

மாநிலமும் 1978 முதலே வாழ்வாதாரப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை தரும் சட்டம் வைத்திருந்தது. அதை நீக்கக் கோரிய முன்மொழிவை 1982இல் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். ஆனால் 1989 டிசம்பரில் மெக்டொவல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், இருப்பிடம் பார்த்து முன்னுரிமை தருவது செல்லாது என்றது. மீனும் வனவிலங்கும் மக்கள் எல்லோருக்கும் பொது என்கிறது மாநில அரசியலமைப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கரேஜ்காரருக்கு நடந்துபோகும் தூரத்தில் கடை. சாலையே இல்லாத கஸ்கோக்விம் ஆற்றங்கரை ஊருக்கு அரிசியும் மாவும் விமானத்திலோ படகிலோ வரவேண்டும். இந்த இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது. இத்தனைக்கும் மாநிலத்தில் பிடிபடும் மீன், விலங்கு மொத்தத்தில் வாழ்வாதாரப் பயன்பாடு சுமார் 1 விழுக்காடு. மிகப் பெரும்பகுதி வணிக மீன்பிடிக்கே போகிறது.

அரசியலமைப்பைத் திருத்தினால் சிக்கல் தீரும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மக்கள் வாக்கெடுப்பு. ஆளுநர் ஸ்டீவ் கூப்பர் 1990இல் சிறப்புக் கூட்டம் கூட்டினார். பின்னாளில் ஆளுநரான டோனி நோல்ஸ் மீண்டும் மீண்டும் கூட்டினார். 1998இல் ஆங்கரேஜ் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். 1999இல் பிரதிநிதிகள் அவை திருத்தத்தை ஏற்றது. 20 பேர் கொண்ட செனட்டில் தேவையான 14 வாக்குகள் சேரவில்லை. மக்கள் ஏற்றார்களா, மறுத்தார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. அவர்களிடம் கேட்கவே இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத மனக்குறை இதுதான்.

சட்டமன்றம் தராததை ஒரு பாட்டி நீதிமன்றத்தில் வாங்கினார். அட்னா இனத்து மூதாட்டி கேட்டி ஜானின் குடும்பம் மீன் பிடித்து வந்த இடம் பாட்சுல்நேட்டாஸ்; தனாடா ஓடை காப்பர் ஆற்றில் சேரும் இடம். அங்கே மீன் சக்கரம் வைப்பார்கள். நீரோட்டம் சுழற்ற, கூடைகள் ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கி சால்மனை அள்ளிப் பக்கத்துப் பெட்டியில் சரித்துவிடும். மீனைக் கீறி, கம்புகளில் தொங்கவிட்டுப் புகையில் காயவைத்தால் குளிர்காலத்துக்கு ஆகும். 1964இல் மாநிலம் அந்த இடத்தில் மீன்பிடிக்கத் தடை போட்டது. கீழே ஆற்றின் முகத்துவாரத்தில் வணிக வலைகளுக்குத் தடையில்லை. கேட்டி ஜான் 1985இல் வழக்குத் தொடுத்தார். மத்திய அரசுக்கு உரிமையுள்ள ஆறுகளிலும் கிராம முன்னுரிமை செல்லும் என்று 1995இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் நோல்ஸ் அவரை அந்த ஆற்றங்கரையிலேயே சந்தித்துப் பேசினார். அதன்பின் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார். கேட்டி ஜான் 2013இல் காலமானார்.

திருத்தம் வராததால் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. மத்திய நிலங்களில் வேட்டையை 1990 முதலும், அவற்றை ஒட்டிய நீர்நிலைகளில் மீன்பிடியை 1999 முதலும் மத்திய அரசு கவனிக்கிறது. ஒரே ஆற்றில் ஒரு வளைவுக்கு ஒரு விதி, அடுத்த வளைவுக்கு வேறு விதி. 2021இல் கஸ்கோக்விம் ஆற்றில் சால்மன் அருகியபோது இரு அரசுகளும் முரண்பட்ட உத்தரவுகள் போட, விவகாரம் வழக்கானது; அதில் கூட்டமைப்பும் தன்னை இணைத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டி ஜான் தீர்ப்புகளை மறுபடி உறுதிசெய்தது. மாநில அரசியலமைப்போ இன்னும் திருத்தப்படவில்லை.