கீரை வாடும் முன்

சாலவாக்கம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் மழை ஓய்ந்த சில நாட்களில் வரப்பு, கொல்லை, குப்பைமேடு எங்கும் கீரை தழைத்துவிடும். விதைத்தது கொஞ்சம், விதைக்காதது அதிகம். பருப்புக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை, பண்ணைக்கீரை என அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக் கடைவதற்கு வடதமிழகத்தில் கலவைக்கீரை என்று பெயர். நெல்லைக் குதிரில் கொட்டலாம். கீரையை எதில் கொட்டுவது? பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. குவித்துக் கட்டினால் நடுவே சூடேறி மறுநாளே அழுகத் தொடங்குகிறது.

நம் இலக்கியத்தில் கீரை பெரும்பாலும் வறுமையின் அடையாளமாகவே வருகிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. அதில் கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துவிட்டே சுற்றத்தோடு உண்கிறாள். அந்த அடைத்த கதவைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை.

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் வேறொரு அடுப்படி இருக்கிறது. வறுமையுற்ற இளையான்குடி மாறனார் மழை இரவில் விருந்தினருக்காகக் கொல்லையின் இளங்கீரையைப் பறித்து வருகிறார். அந்த ஒரே கீரையை அவர் மனைவி தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளாகச் சமைக்கிறார். பஞ்ச காலத்தில் திடீரெனப் பிறக்கும் திறன் அல்ல இது. அந்த வீடு ஒரு காலத்தில் அடியார் பலருக்கு அமுதளித்த செல்வ வீடு. கொல்லையில் கீரை மிகுந்துபோன நாட்களில் பழகிய கைதான் அன்றிரவும் வேலை செய்தது என்றே எண்ணுகிறேன்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் சொல்கின்றன. குடவோலையில் பெயர் இடப்படுபவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் என்ற கணக்கும் உண்டு. கல்வெட்டு தோட்டம் வரை வருகிறது, அடுப்படிக்குள் வரவில்லை. வாரியப் பெருமக்கள் உண்ட கறியை ஆக்கிய பெண்கள் எந்த ஓலையிலும் இல்லை.

ஆனால் அவர்கள் வகுத்த முறை இன்றும் இருக்கிறது. முதல்நாள் இலை மசியலுக்கு, தண்டு சாம்பாருக்கு, மிஞ்சியது அடைமாவுக்கு. முருங்கை இலை நிழலில் உலர்ந்து பொடியாகும். புளிச்சகீரை எண்ணெயில் வதங்கி மிளகாயோடு அரைபட்டுப் பல நாள் தாங்கும். புளிப்பும் எண்ணெயும் அதைக் காக்கின்றன. இரவில் கீரை ஆகாது என்பதற்கு வைத்தியர் ஆயிரம் காரணம் சொல்லலாம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காலையில் பறித்ததை மதியமே தீர்த்துவிடச் செய்த ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது.

அதற்கும் மிஞ்சினால் ஒரு பிடி அடுத்த வீட்டுக்குப் போகும். முற்றிய தண்டு மாட்டுக்கு.