சீழ்க்கட்டியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும்

நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவமனை தொடங்கிய காலத்தில் சீழ்க்கட்டிக்குக் காரணம் கிருமி என்பதை மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. 1881-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் கொத்தாகவும் சங்கிலியாகவும் உருண்டைக் கிருமிகள் இருப்பதைக் காட்டினார். கொத்தாக இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ். சங்கிலியாக இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். முன்னது கட்டியாக்கும், பின்னது தோலடியில் பரவும் என்ற பாகுபாடு பின்னர் வேரூன்றியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அதன் நொதிகள் திசுவைக் கரைத்து வழி திறக்கின்றன. ஆனால் தொண்டைச் சதையை ஒட்டிய சீழ்க்கட்டியில் அதே கிருமியே அடிக்கடி அகப்படுகிறது. வாயிலும் குடலிலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் குழுவோ மூளை, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் கட்டியை உண்டாக்குவதில் பெயர்பெற்றது.

வாயில் இயல்பாக இருப்பது சோதனைக் குழாயில் கலந்திருக்கலாமே என்பர். சளியில் கிடைத்தால் அந்த ஐயம் நியாயமே. மூடிய கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய சீழிலும் அக்கிருமி வளரும்போது அந்த ஐயம் நிற்காது. நம் நாட்டில் கல்லீரல் கட்டிக்கு அமீபாவும் கிளெப்சியெல்லா கிருமியும் முக்கியக் காரணங்கள் என்பதும் உண்மை. ஆகவேதான் ஊகத்தில் மருந்து தொடங்கி அதோடு நிறுத்திவிடக் கூடாது, சீழைச் சோதித்துக் காரணத்தை அறிய வேண்டும். பெனிசிலினுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் பெரும்பாலும் அடங்கும். எனினும் பெரிய கட்டிக்குள் மருந்து சரிவர நுழையாது, சீழை வடித்தாக வேண்டும். சொத்தைப் பல்லோ நீரிழிவோ உள்ளவர்கள் காய்ச்சலுடன் கட்டி கண்டால் வீட்டில் கீறாமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே செல்லுங்கள்.