அரவிந்த் கண் மருத்துவமனை: ஒரு நோக்கம் வேலைமுறையான வரலாறு

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் ஒரு வீட்டில், 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்ற ஒரே நோக்கம் அதற்கு இருந்தது. அக்கால இந்தியாவில் பார்வையிழந்தோரில் பெரும்பாலோர் கண்புரையால் பாதிக்கப்பட்டவர்கள். ஒரு சிறிய அறுவையில் சரியாகிவிடும் நோய் அது. ஆனால் கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவரும் எட்டவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே மருத்துவமனை உருவானது. அதன் நோக்கம் அறிவிப்புப் பலகையோடு நிற்காமல் கட்டணம், ஆள்சேர்ப்பு, அறுவை அரங்கு என எல்லாவற்றிலும் இறங்கியதே இந்த வரலாற்றின் சிறப்பு.

நிறுவனர் ஜி. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய ஆண்டுகளில் கிராமங்களுக்கே சென்று கண் முகாம் நடத்தும் முறையை வளர்த்தார். 1973-இல் பத்மஸ்ரீ பெற்றார். அரசுப் பணியில் ஓய்வு வயதை எட்டியபோதுதான் புதிய மருத்துவமனை பிறந்தது.

முதல் குழு குடும்பத்திலிருந்தே அமைந்தது. தங்கை ஜி. நாச்சியார், அவருடைய கணவர் பி. நம்பெருமாள்சாமி ஆகியோர் கண் மருத்துவர்களாகச் சேர்ந்தனர். தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் கவனித்தார். கட்டடம் எழுப்பக் குடும்பத்தின் நகைகள்கூட அடகுக்குப் போயின. வெங்கடசாமி ஆன்மிக ஞானி அரவிந்தரின் வழியைப் பின்பற்றியவர். மருத்துவமனையின் பெயர் அதிலிருந்தே வந்தது. பணியை ஆன்மிகப் பயிற்சியாகக் கருதும் மனப்பாங்கு இந்த முதல் குழுவில் வேரூன்றியது. நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த வருமானத்தையும் அவர்கள் ஏற்றதற்கு அதுவே அடிப்படை.

கட்டண முறையிலும் அந்த நோக்கமே வழிகாட்டியது. பணம் செலுத்துவோரின் கட்டணத்திலிருந்து கிடைக்கும் மிச்சத்தைக் கொண்டு பணமில்லாதோருக்குச் சிகிச்சை தரும் முறை ஏற்பட்டது. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம்; வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை. அறை வசதியில் வேறுபாடு இருந்தாலும் மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் மாறிமாறிப் பணி செய்வர். இதனால் ஏழைக்கு ஒரு தரம், வசதியானவருக்கு ஒரு தரம் என்ற நிலை எழ இடமில்லை.

இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை என்பது முகாம்களில் தெரிந்தது. பேருந்துக் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, நகரத்தைப் பற்றிய அச்சம் ஆகியவை தடுத்தன. எனவே முகாமில் தேர்வானவர்களைக் கூட்டமாக வண்டியில் அழைத்து வந்து, உணவும் தங்குமிடமும் கொடுத்து, அறுவைக்குப் பின் ஊரில் கொண்டுபோய் விடும் முறை உருவானது. முகாமுக்கான உள்ளூர்ச் செலவைப் பெரும்பாலும் அரிமா சங்கம் போன்ற அமைப்புகள் ஏற்றன.

வேலைப் பகிர்வு இந்த நிறுவனத்தின் மிக நுட்பமான படைப்பு. அமெரிக்கப் பயணத்தில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் கண்ட வெங்கடசாமி, எங்கும் ஒரே தரத்தைத் தரும் அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர விரும்பினார். அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போடப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி மற்றொன்றில் ஆயத்தமாக இருப்பார். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்ய முடிந்தது. வேகம் தரத்தைக் கெடுக்காமலிருக்கச் சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு ஆராயப்பட்டன.

இந்த ஒழுங்கின் முதுகெலும்பு 'சிஸ்டர்' என்று அழைக்கப்படும் பெண் பணியாளர்கள். பள்ளிப்படிப்பு முடித்த கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் இரண்டாண்டுப் பயிற்சி தருவது வழக்கமாயிற்று. மதிப்பெண்ணைவிடப் பொறுமையும் பரிவும் தேர்வில் முதன்மை பெற்றன. பார்வைச் சோதனை, கண் அழுத்த அளவு, அரங்க உதவி, ஆலோசனை என ஒவ்வொரு பணியிலும் அவர்கள் தேர்ச்சி பெற்றதால், மருத்துவரின் நேரம் நோயறிதலுக்கும் அறுவைக்கும் கிடைத்தது. பணியாளர்களில் பெரும்பான்மையோர் அவர்களே.

நோக்கத்துக்குக் கடும் சோதனை 1980-களில் வந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை பரவியபோது, இறக்குமதி லென்ஸின் விலை மிக அதிகமாக இருந்தது. கட்டணம் செலுத்துவோருக்கு லென்ஸ், இலவசப் பிரிவினருக்குத் தடித்த கண்ணாடி என்ற வேறுபாடு தோன்றியது. இதை நிலைக்கவிடாமல் 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரோலேப் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 10 டாலருக்கு லென்ஸ் கிடைத்தது. பின்னர் விலை மேலும் குறைந்தது. இன்று ஆரோலேப் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய ஊர்களில் கிளைகள் எழுந்தன. முகாம்களுக்குக் கண் நோயுள்ளோரில் சுமார் 7 விழுக்காட்டினரே வருகிறார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் குறையை மறைக்காமல் ஏற்று, சிற்றூர்களில் நிரந்தர விஷன் சென்டர்கள் திறக்கப்பட்டன. அங்கிருக்கும் நோயாளியை நகரத்து மருத்துவர் இணையக் காணொளி வழியே பார்க்கிறார். 1992-இல் தொடங்கிய லைக்கோ என்ற பயிற்சி நிறுவனம், இதே முறையைப் பிற மருத்துவமனைகளுக்கும் கற்பிக்கிறது. பார்வையிழப்பை ஒழிப்பதே குறிக்கோள் என்னும்போது, அறிந்ததைத் தொழில் ரகசியமாகக் காக்க அவசியமில்லை.

வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று காலமானார். பொறுப்பு நம்பெருமாள்சாமிக்கும், பிறகு அடுத்த தலைமுறையினருக்கும் சென்றது. 2008-இல் கேட்ஸ் உலக நலவாழ்வு விருதும், 2010-இல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் நிறுவனர் மறைவுக்குப் பின்னரே கிடைத்தன. தலைவரின் ஆளுமையை மட்டும் நம்பிய நிறுவனமாக இருந்திருந்தால் அவரோடு தளர்ந்திருக்கும். அவர் மதித்தவை கட்டண விதியாகவும் பயிற்சிப் பாடமாகவும் அரங்க ஒழுங்காகவும் ஊன்றியிருந்ததால், அவரை நேரில் கண்டிராதவர்களும் அதே பணியைத் தொடர முடிந்தது.