மூளையைத் தேடிப் போகும் மருந்தும் மூளை புகவிடாத மருந்தும்

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் தீவிர லிம்போ வகை ரத்தப் புற்றுநோயையும், பெரியவர்களைப் பிடிக்கும் நாள்பட்ட மைலாய்டு வகையையும் மருத்துவம் வேறு வேறாகவே பார்க்கிறது. முன்னதற்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள். பின்னதற்குப் பலர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆயினும் கடலூர், சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் பேருந்து ஏறும் இரு தரப்பாரும் சொல்லும் குறை ஒன்றுபோலவே ஒலிக்கிறது: “முன்ன மாதிரி ஞாபகம் நிக்கல.”

குழந்தைக்குத் தரும் மருந்து மூளையைத் தேடியே போகிறது. நோயணுக்கள் அங்கே ஒளிந்துகொள்ளும் என்பதால் மெத்தோட்ரெக்சேட்டைத் தண்டுவட நீரில் செலுத்துகிறார்கள். பெற்றோர் வாயில் அது ‘முதுகு ஊசி’. அடையாறு புற்றுநோய் மையமும் பங்கேற்ற, 1980களின் எம்சிபி-841 சிகிச்சைமுறையில் தலைக்குக் கதிர்வீச்சும் இருந்தது. பெரியவர் விழுங்கும் இமாட்டினிப் இதற்கு நேர்மாறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள அரண் அதைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. அப்படியிருந்தும் மந்தம் வருகிறது என்பதுதான் வியப்பு.

மந்தத்தின் முகமும் ஒத்திருக்கிறது. சிகிச்சையிலுள்ள ஒரு சிறுமிக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும். ஆனால் விடை வந்து சேர்வதற்குள் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. இமாட்டினிப் சாப்பிடும் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு விலையெல்லாம் மனப்பாடம். நான்கு சாமான்களைக் கூட்டும்போது வாடிக்கையாளர் குறுக்கே பேசினால் தொகை நழுவுகிறது. இருவரிடமும் நினைவு அழியவில்லை. கவனமும் வேகமும்தான் தளர்ந்திருக்கின்றன.

காரணத்தில் இருவரும் பிரிகிறார்கள். சிறுமியிடம் வளரும் மூளையின் வெண்பொருள் பாதிக்கப்படுவதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அதனால்தான் பல நாடுகள் கதிர்வீச்சைக் குறைத்தன, கைவிடவும் செய்தன. கடைக்காரரின் நிலை அவ்வளவு தெளிவானதல்ல. ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கக்கேடு, ஓயாத அசதி, எல்லாமே உடந்தையாக இருக்கலாம். ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிடுவதை மட்டும் ஏற்க முடியாது. நம் நாட்டில் இந்நோய் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கே அதிகம் வருகிறது.

இரு மருந்துகளுக்கும் சென்னையோடு உறவுண்டு. மெத்தோட்ரெக்சேட்டை உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இமாட்டினிப் உப்புக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பாகச் சில ஆயிரங்களில் தொடர்ந்து கிடைத்தது. நீண்ட காலம் வாழ்ந்தால்தானே நீண்ட கால மறதியைப் பற்றிப் பேச முடியும்!

ஆனால் இவ்விரு சிகிச்சைகளையும் மிக நெருக்கமாகப் பிணைப்பது வேறொன்று. மறதியைத் தரக்கூடிய இந்தச் சிகிச்சைகள் மறதியைச் சிறிதும் பொறுப்பதில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை 2010இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இமாட்டினிப் மாத்திரையைத் தவறவிட்டவர்களில் நோய் போதிய அளவு அடங்கும் வாய்ப்பு 28 விழுக்காடுதான். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 94. குழந்தைகளின் பராமரிப்புக் கட்டத்தில் தரும் மெர்காப்டோப்யூரினிலும், சாப்பிட்ட அளவு 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுமிக்கு எடுத்துக்கொடுக்க அம்மா இருக்கிறாள். கடைக்காரரோ தன் மறதியை நம்பியே தன் மருந்தைச் சாப்பிட வேண்டியவர். மருத்துவரிடம் ஞாபகக் குறைவை முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.