கதவடைத்த நகரசபைகள்

மன்னன் ஆண்ட நாளில் மந்திராலோசனை மறைவில் நடந்தது. ஆலயத்திலே கருவறை, அதன் முன்னே திரை. உள்ளே நடப்பதை அறிய முற்படாதே, வெளியே நின்று கும்பிடு என்றனர். அந்த மறைவுக்கும் திரைக்கும் பரம்பரை என்றோ பகவான் என்றோ ஒரு பசப்புக் காரணமாவது இருந்தது. வரி கொடுப்போர் வாக்களித்து அனுப்பிய நகரசபை, அவ்வரி கொடுப்போரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன காரணம் கூறுவது? மக்களாட்சியின் தாயகம் என மார்தட்டும் பிரிட்டனிலேயே எழுந்த கேள்வி இது. விடை காண முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

வேல்ஸ் நாட்டுக் கடலோர நகர் டென்பி. அங்கே பத்திரிகை நடத்திய மேசன் என்பார், நகரசபையின் போக்கைத் தயங்காது எழுதினார். புகழ்ந்து எழுதியிருந்தால் நாற்காலி போட்டிருப்பர். கண்டித்து எழுதினார், கதவைக் காட்டினர். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1908இல் தீர்ப்பு: நிருபருக்கு மட்டுமல்ல, ஊராருக்கும் சபையில் அமர்ந்து கேட்கும் உரிமை கிடையாது!

மேசன் தோற்றார், ஆனால் அதே ஆண்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, பத்திரிகை நிருபரை உள்ளே விட்டது. பொதுமக்களை விடவில்லை.

சட்டம் வந்ததும் சூழ்ச்சியும் வந்தது. சட்டம் சபைக் கூட்டத்தைப் பற்றித்தானே பேசுகிறது? சபை முழுவதும் "இனி நாங்கள் கமிட்டி" என்று தீர்மானித்துக்கொள்ளும். அதே ஆட்கள், அதே நாற்காலிகள், அதே விவகாரம், பெயர்தான் வேறு. நிருபர் வெளியே போகவேண்டியதுதான். சாதி என்றால் சீறுவோரிடம் வருணம் என்று கூறித் தப்பும் வித்தையைக் கண்ட நமக்கு, இது புதிதல்ல.

தோழர்களே, இனி வருவது நமக்குச் சற்றுக் கசக்கும். 1959இல் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, நிறுத்தத்தை மீறி வெளிவந்த ஏடுகளின் நிருபர்களைத் தொழிற்கட்சி ஆண்ட சில நகரசபைகள் விரட்டின. தொழிலாளிக்குத் துணை நிற்பது தூய நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் அடைபட்ட கதவுக்கு வெளியே நின்றவன் முதலாளி மட்டுமா? அவ்வூர்த் தொழிலாளியும் அங்கேதான் நின்றான்.

கதவைத் தட்டியவரோ கன்சர்வேடிவ் கட்சியின் புது உறுப்பினர் மார்கரெட் தாட்சர். 1960 பிப்ரவரி 5ஆம் நாள், காமன்ஸ் சபையில் தம் கன்னிப் பேச்சிலேயே இதற்கான மசோதாவை முன்மொழிந்தார். பின்னாளில் பிரதமராகி, 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை முறியடித்தவரும் அவரே. அவரைப் போற்ற வேண்டியதில்லை. அவர் கொணர்ந்த சட்டத்தைப் படித்தாக வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கும் நுழையும் உரிமை தந்தது. முழுச் சபையே கமிட்டி வேடம் பூண்டாலும் அது செல்லும். மக்களை வெளியேற்ற வேண்டுமா? காரணம் காட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

சிறு கமிட்டிகள் மட்டும் தப்பின. 1972இல் கமிட்டிகளும், 1985இல் துணைக் கமிட்டிகளும் வலையில் விழுந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு வேறொன்று: நிகழ்ச்சி நிரலும் அதிகாரிகளின் அறிக்கைகளும் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே மக்கள் பார்வைக்கு வரவேண்டும் என்றது. முடிவெடுத்த பின் உள்ளே அழைத்து உட்காரவைப்பதால் யாருக்கு என்ன பயன்?

2014இல் வந்த விதி, கூட்டத்தைப் படமெடுக்கவும் இடந்தந்தது. அது இங்கிலாந்துக்கு மட்டும். மேசன் வெளியேற்றப்பட்ட டென்பி, வேல்ஸில் இருக்கிறது.