ஏ.பி.ஆர்.எஸ்.

ஓடும் வாகனத்தின் இருப்பிடத்தை ஹாம் வானொலி வழியே அறிவிக்கும் முறை. அமெரிக்கக் கடற்படை அகாதெமியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா 1980களில் இதற்கு அடித்தளமிட்டார். வாகனத்தைப் பின்தொடர்வது இதன் ஒரு பயன் மட்டுமே. அருகிலுள்ளோர் உடனுக்குடன் செய்தி பரிமாறுவதே நோக்கம் என்று அவர் கடைசிவரை வலியுறுத்தினார்.

கென்வுட் டி.எச்.-டி74, யேசு எஃப்.டி.5டி போன்ற கைக்கருவிகளில் ஜி.பி.எஸ்., மோடம் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. அழைப்புக்குறி, அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை ஆகியவை ஒரு தரவுப் பொட்டலமாகி, 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாக நொடிக்கு 1200 பிட் வீதம் போகும். காதுக்கு அது நொடிநேரக் கரகரப்பு. அலைவரிசை வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் பெரும்பாலும் 144.800 மெகாஹெர்ட்ஸ். உயரமான இடங்களிலுள்ள மறுபரப்பு நிலையங்கள் பொட்டலத்தை வாங்கித் திரும்ப அனுப்பும். இணைய வாயில் நிலையம் கேட்டால் அது உலக வரைபடத்தில் ஏறும்.

சிக்கல் காருக்குள் தொடங்குகிறது. 5 வாட் கருவியை இருக்கையில் வைத்தால் காரின் தகரக் கூடு அலையைப் பெரிதும் மறித்துவிடும். கூரையில் காந்த அடி ஆன்டெனாவை ஒட்டிக் கம்பியைக் கதவிடுக்கு வழியே உள்ளே கொண்டுவந்தால், கூடுதல் வாட் தராத பலன் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை என்பதால் ஓயாமல் அனுப்புவது பிறரை நசுக்கும். வண்டி திரும்பும்போது உடனடியாகவும், நிற்கும்போது நீண்ட இடைவெளியிலும் அனுப்பும் ‘ஸ்மார்ட் பீக்கனிங்’ அமைப்பே பொருத்தம். இதைப் பயன்படுத்த ஹாம் உரிமம் கட்டாயம். மறைக்குறியாக்கம் இல்லாததால் உங்கள் இருப்பிடத்தை எவரும் பார்க்கலாம்.