பாலக்காட்டுக் கணவாயும் புகையிலை ஏகபோகமும்

1792இல் பாலக்காடு உள்ளிட்ட மலபாரும், 1799இல் கோயம்புத்தூரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டன. கணவாயின் இருபுறமும் ஆட்சி ஒன்றாயினும், அவ்வழியே சென்ற சரக்குகளுள் புகையிலைக்குத் தனிக் காவல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மலபாரின் புகையிலை விற்பனை கம்பெனியின் ஏகபோகமாக்கப்பட்டமையே இதற்குக் காரணமாகும். கோயம்புத்தூர்க் குடியானவரிடம் குறைந்த விலைக்குக் கொண்ட புகையிலை மேற்கே மிகுந்த விலைக்கு விற்கப்பட்டது. இவ்விலை வேறுபாடே அரசின் வருவாய். கள்ளக் கடத்தலுக்குத் தூண்டுகோலும் அதுவே.

தலைச்சுமையாகக் கடத்துவோனைப் பிடிக்கச் சாவடியும் சேவகரும் போதும். பெருஞ்செல்வரின் ஏய்ப்போ சாவடி வழியே செல்வதன்று. அது கச்சேரிக் கணக்கில் நிகழ்வது. கோயம்புத்தூர்க் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டியின் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். கலெக்டர் வில்லியம் காரோவின் காலத்தில் அவர் புகையிலை வாணிகத்தைத் தம் பிடியில் வைத்திருந்ததோடு அரசுப் பணத்தையும் கையாடினார். 1815இல் கலெக்டரான ஜான் சல்லிவனும் (உதகமண்டலத்தைக் கண்டவராக மட்டுமே இன்று நினைக்கப்படுபவர்) தாமஸ் மன்றோவும் இம்முறைகேடுகளை விசாரித்தனர். மாவட்டத்தின் காவல் முழுவதும் கணவாயை நோக்கியிருக்க, ஏய்ப்பு கருவூலத்துக்குள்ளேயே நடந்திருந்தது.

உள்நாட்டு அலுவலர்க்கு நல்லூதியமும் பொறுப்பும் அளித்தாலன்றி நேர்மையை எதிர்பார்த்தல் இயலாது என்பது, பின்னர்ச் சென்னை ஆளுநரான மன்றோ 1824ஆம் ஆண்டுக் குறிப்பிலும் வலியுறுத்திய கருத்தாகும். எனினும் காசிச் செட்டி போன்ற செல்வர் ஊதியக் குறைவால் தவறினார் எனல் பொருந்தாது. அத்தகையோரின் கணக்கைச் சரிபார்க்க வேண்டிய சிறு கணக்கர்க்கே அக்கருத்து மிகவும் பொருந்துவதாகும். அவர்தம் ஊதியத்தைச் செலவாக மட்டும் கண்ட கம்பெனி, அதனால் இழந்த வருவாயைக் கணக்கிற் கொள்ளவில்லை. மலபாரின் புகையிலை ஏகபோகம் 1853இல்தான் நீக்கப்பட்டது.

கணவாய்க்குத் தெற்கே, இன்றைய இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகளிலும் இதையொத்த நிலை காணப்படுகிறது. அங்கு ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். பயிரிட்டோருள் பலர் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழர். விளைச்சலை அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும். மலையிறங்கினாலோ பிரித்தானிய மதுரை மாவட்டம். காட்டு வழிகள் அனைத்திற்கும் காவலிடுதல் எவ்வரசுக்கும் அரிது. 1896இல் திருவிதாங்கூர் ஏகபோகத்தைக் கைவிட்டு நிலவரியை மேற்கொண்டது. ஏலக்காயை இரவில் மலையிறக்கலாம். தோட்டத்தை இறக்க இயலாது.